காணாமற்போன குரல்



சற்று முன் இரண்டு நிமிடங்கள் ஒரு பாடலைக் கேட்டீர்கள். வானொலிப் பெட்டிக்கு ஏதோ கோளாறு என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். ஒருவர் பாடத் தொடங்குகிறார். அவர் முடிக்கும் முன்பே இன்னொருவர் அதே வரியை எடுக்கிறார். பிறகு மூன்றாமவர் வருகிறார், நான்காமவர் வருகிறார். ஆர்மோனியம் இல்லை, கீபோர்டு இல்லை, தபேலா இல்லை. மனிதக் குரல் மட்டுமே. எந்த வரியைப் பிடித்துக்கொண்டு போவது என்று தெரியாமல் நம் காது தடுமாறுகிறது. நான் முதன்முதலில் குருமடத்தில் இதைக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீங்கள் கேட்டது இங்கிலாந்தைச் சேர்ந்த 'டாலிஸ் ஸ்காலர்ஸ்' என்ற பாடகர் குழு. 1973-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த பீட்டர் பிலிப்ஸ் என்ற இளைஞர் இதைத் தொடங்கினார். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் டாலிஸ் என்ற திருச்சபை இசையமைப்பாளரின் பெயரைக் குழுவுக்கு வைத்தார். மேடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பத்துப் பேர்தான். அவர்கள் பாடுவது மறுமலர்ச்சிக் காலத்துத் திருச்சபை இசை. அதாவது ஏறத்தாழ நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் திருப்பலிக்காகவும் திருப்புகழ்மாலைக்காகவும் எழுதப்பட்ட பல்குரல் இசை. அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டிய பொருள் என்று பலர் ஒதுக்கிவிட்ட அந்த இசையை உலகம் மறுபடி விரும்பிக் கேட்கச் செய்ததில் இக்குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1987-இல் இவர்களுடைய ஒலிப்பதிவு ஒன்று 'கிராமஃபோன்' இதழின் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு விருதைப் பெற்றது. பழங்கால இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

இன்றைய மறையுரையில் இந்த இசையைப் பற்றி ஏன் பேசவேண்டும்? நாம் எப்படிச் சேர்ந்து வாழ்கிறோம், எப்படிச் சேர்ந்து செபிக்கிறோம் என்பதைப் பற்றி இது எனக்குக் கற்றுத் தந்த பாடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த இசை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம்.

நம் சங்கீதத்தில் அடியில் ஒரு சுருதி நிற்கும். அதன் மேல் ஒரே ஒரு ராகம் நடக்கும். கச்சேரியில் வயலின்காரர் பாடகரைப் பின்தொடர்ந்தாலும், பாட்டு ஒன்றுதான். பல்குரல் இசையில் அப்படி இல்லை. நான்கு குரல் என்றால் நான்கு தனித்தனி மெட்டுகள். எதுவும் மற்றொன்றுக்குப் பக்கவாத்தியம் ஆகாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பாடினாலும் அழகாகவே இருக்கும். பெண்பிள்ளைகளுக்குத் தலைபின்னும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒரு கால் மேலே வரும், மற்றது அடியில் போகும். அடுத்த நொடியில் அடியில் போனது மேலே வரும். எந்தக் காலும் எப்போதும் மேலேயே இருப்பதில்லை. அதுதான் இந்த இசை. ஒரு குரல் முக்கியமான சொல்லைப் பாடும்போது மற்றவை தணிந்து இடம் கொடுக்கின்றன. பிறகு அவற்றின் முறை வருகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மற்ற குரல்கள் அடுத்த சுரத்துக்கு நகர்ந்த பிறகும், ஒரு குரல் மட்டும் பழைய சுரத்திலேயே பிடிவாதமாக நிற்கும். அப்போது இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். காதில் ஒரு சிறு வலி. பிறகு அந்தக் குரல் ஒரு படி கீழே இறங்கும். வலி தீர்ந்து நிம்மதி வரும். உரசலே இல்லாத பாட்டில் அந்த நிம்மதிக்கும் இடமில்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாத்தியம் இல்லாமல் பாடுவதை 'அ கப்பெல்லா' என்பார்கள். 'சிற்றாலய முறைப்படி' என்பது அதன் பொருள். உரோமையில் திருத்தந்தையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஆர்கன்கூட இல்லாமல் பாடுவதே வழக்கமாக இருந்தது. வாத்தியம் இல்லையென்றால் சுருதி எங்கிருந்து வரும்? பக்கத்தில் நிற்பவரின் குரலிலிருந்துதான் வரும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஒருவர் பாடினால் அனைவரும் சேர்ந்து சுருதி இறங்கிப்போவார்கள்.

அன்பார்ந்தவர்களே, இவ்வளவு அழகான இசையைப் பற்றித் திருச்சபைக்கே ஒரு காலத்தில் கவலை வந்தது. நான்கு பேர், ஆறு பேர் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு சொல்லைப் பாடினால், மக்களுக்கு என்ன புரியும்? கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில், ஆவியோடும் பாடவேண்டும், அறிவோடும் பாடவேண்டும் என்று தூய பவுல் கற்பிக்கிறார். புனித அகுஸ்தினாரும் தம் 'ஒப்புதல்கள்' நூலில் இதே முள்ளில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகமாக அசைத்துவிடும்போது, தாம் பாவம் செய்ததாக அவர் வருந்துகிறார். ஆனால் மனமாற்றத்தின் நாள்களில் திருச்சபையின் பாடல்களைக் கேட்டுத் தாம் வடித்த கண்ணீரையும் அவரால் மறக்க முடியவில்லை.

1555-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று இந்தக் கேள்வி சிஸ்டைன் சிற்றாலயத்திலேயே எழுந்தது. திருத்தந்தை இரண்டாம் மார்செல்லுஸ் பொறுப்பேற்றுச் சில நாள்களே ஆகியிருந்தன. ஆண்டவரின் பாடுகளை நினைவுகூரும் நாளுக்குப் பாடல்கள் பொருந்தவில்லை என்று அவர் கண்டார். பாடகர்களை அழைத்தார். நாளுக்கு ஏற்றபடி பாடுங்கள். சொற்கள் காதில் விழவேண்டும், புரியவும் வேண்டும் என்று அறிவுறுத்தினார். மூன்றே வாரங்களில், பொறுப்பேற்ற 22-ஆம் நாள், அவர் இறந்துபோனார்.

அந்தப் பாடகர் குழுவில் அப்போது இருந்தவர்களில் ஒருவர் பாலஸ்த்ரீனா. பின்னாளில் தாம் எழுதிய ஆறு குரல் திருப்பலி ஒன்றுக்கு அவர் 'திருத்தந்தை மார்செல்லுஸின் திருப்பலி' என்று பெயர் வைத்தார். அது 1567-இல் அச்சானது. திரிதெந்தின் பொதுச்சங்கம் பல்குரல் இசையை முற்றிலும் தடைசெய்ய இருந்ததாகவும், இந்த ஒரு திருப்பலியைக் கேட்ட பிறகே மனம் மாறியதாகவும் ஒரு கதை உண்டு. நல்ல கதை, ஆனால் வரலாறு அதை உறுதிப்படுத்தவில்லை. 1562-இல் சங்கம் ஆணையிட்டது, ஆபாசமோ மாசோ கலந்த இசையைக் கோவிலிலிருந்து விலக்கவேண்டும் என்பதே. 1565-ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று, சொற்கள் புரிகின்றனவா என்று சோதிப்பதற்காகவே திருத்தந்தையின் பாடகர்கள் ஒரு கர்தினாலின் வீட்டில் கூடிச் சில திருப்பலிப் பாடல்களைப் பாடினார்கள். இது பதிவாகியிருக்கும் செய்தி. பாலஸ்த்ரீனா அந்த அறிவுரைக்குக் காது கொடுத்தவர் என்பதை அவருடைய இசையே காட்டுகிறது. வானவர் கீதத்திலும் நம்பிக்கை அறிக்கையிலும் நீளமான வசனங்கள் வரும் இடங்களில், குரல்களை ஒன்றுசேர்த்து ஒரே அசையை ஒரே நேரத்தில் சொல்ல வைக்கிறார்.

அவருடைய வாழ்க்கை சுகமானதும் இல்லை. திருமணமானவர் என்ற காரணத்தால், புதிய திருத்தந்தையின் கீழ் அதே 1555-இல் சிஸ்டைன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பிற்காலத்தில் கொள்ளைநோய்களில் சகோதரரையும் பிள்ளைகள் இருவரையும் இழந்தார். 1580-இல் மனைவியையும் இழந்தார். அவருடைய இசையில் கேட்கும் அமைதி, துன்பம் தெரியாதவரின் அமைதி இல்லை. 1594-இல் அவர் இறந்து 400 ஆண்டுகள் கழித்து, 1994-இல், அவர் சிறுவனாகப் பாடக் கற்ற உரோமை புனித மரியா பெருங்கோவிலிலேயே டாலிஸ் ஸ்காலர்ஸ் அவருடைய இசையைப் பாடினார்கள்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். சற்று முன் நீங்கள் கேட்டது வில்லியம் பேர்ட் எழுதிய நான்கு குரல் திருப்பலியின் ஒரு பகுதி. உரோமையில் சொற்கள் சரியாகக் கேட்கவில்லையே என்று கவலைப்பட்டார்கள். பேர்டின் நாட்டில் அந்தச் சொற்கள் வெளியே கேட்டுவிட்டால் ஆபத்து.

முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சிக்காலம் அது. கத்தோலிக்கத் திருப்பலி சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. அரசு ஏற்ற ஆலயத்துக்குப் போக மறுப்பவர்களுக்கு 1581 முதல் மாதம் 20 பவுண்டு அபராதம். அந்தக் காலத்தில் அது செல்வந்தரையே சாய்த்துவிடும் தொகை. 1585 முதல், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்தில் கால்வைக்கும் குரு இராசத் துரோகி. அவருக்கு இடம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை.

பேர்ட் அரசியின் சிற்றாலயப் பாடகர். 1575-இல் தம் ஆசிரியர் டாலிஸோடு சேர்ந்து இசை நூல்களை அச்சிடும் தனியுரிமையை அரசியிடமிருந்தே பெற்றவர். ஆயினும் கத்தோலிக்கராகவே நிலைத்திருந்தார். அதற்காக வழக்குகளையும் அபராதங்களையும் சந்தித்தார். 1590-களில் இலண்டனை விட்டு எசெக்ஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். அருகில் இங்கேட்ஸ்டோன் மாளிகை இருந்தது. பெட்ரே என்ற கத்தோலிக்கக் குடும்பத்தின் வீடு அது. சோதனை போட வரும் காவலரிடமிருந்து குருக்களை மறைக்கக் கட்டிய இரகசியப் பதுங்கிடங்கள் இரண்டு இன்றும் அங்கே இருக்கின்றன. அந்த மாளிகையில் தங்கிப் பணியாற்றிய குரு ஜான் பெய்ன் 1582-இல் கொல்லப்பட்டார். இன்று அவர் புனிதர்.

இப்படிப்பட்ட வீடுகளில் பாடுவதற்காகத்தான் 1592-க்கும் 1595-க்கும் இடையில் பேர்ட் மூன்று திருப்பலிகளை எழுதி அச்சிட்டார். முகப்புப் பக்கம் இல்லை, ஆண்டு இல்லை, அச்சிட்டவர் பெயர் இல்லை. ஆனால் பக்கத்தின் மேலே தம் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். அந்தத் துணிவை நினைத்துப் பாருங்கள். முற்கால இங்கிலாந்து இசையமைப்பாளர்கள் நம்பிக்கை அறிக்கையில் சில வரிகளை விட்டுவிடுவது உண்டு. பேர்ட் ஒன்றையும் விடவில்லை. ஒரே, தூய, கத்தோலிக்க, திருத்தூதர் வழிவரும் திருச்சபையை நம்புகிறோம் என்ற வரியையும் முழுமையாக இசைத்தார். அந்த வரியை நாம் ஞாயிறுதோறும் கொட்டாவியோடு சொல்கிறோம்.

அந்தத் திருப்பலியின் நிறைவில் வரும் 'செம்மறி' பாடலைக் கவனியுங்கள். முதல் மன்றாட்டை இரண்டு குரல்கள் மட்டும் பாடுகின்றன. இரண்டாவதை மூன்று குரல்கள் பாடுகின்றன. அமைதிக்காக மன்றாடும் கடைசிப் பகுதியில் நான்கும் சேர்கின்றன. நான் சொன்னேனே, அந்த உரசல், அது இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வலி தீருமுன் அடுத்தது பிறக்கிறது. இது வெற்றி முழக்கம் போல ஒலிக்கவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால், வீட்டாரும் வேலைக்காரர்களும் ஒரு குருவும் சேர்ந்து அமைதியைக் கேட்டு மன்றாடியதாகவே என் காதில் விழுகிறது. பிலிப்பி நகரச் சிறையில் நள்ளிரவில் பவுலும் சீலாவும் பாடியதைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. பேர்டின் இசையைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சிறை எனக்கு நினைவுக்கு வரும்.

நேயர்களே, இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பாடகர் கையில் முழுப் பாடலும் இருக்காது. நான்கு குரல் திருப்பலி நான்கு சிறு புத்தகங்களாக அச்சாகும். உச்சக் குரலுக்கு ஒன்று, அடுத்த குரலுக்கு ஒன்று, இப்படி. உங்கள் புத்தகத்தில் உங்கள் வரி மட்டுமே இருக்கும். மற்றவர்கள் என்ன பாடப்போகிறார்கள் என்று கண்ணால் பார்க்க வழியில்லை. காதால் கேட்கத்தான் முடியும். தமக்குக் கொடுக்கப்பட்டதை உண்மையாகப் பாடவும் வேண்டும், பிறரையும் கேட்கவும் வேண்டும். கண் கையைப் பார்த்து நீ எனக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியாது என்று தூய பவுல் எழுதியதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூச்சு விடுவதிலும் ஒரு பாடம் உண்டு. டாலிஸ் ஸ்காலர்ஸ் குழுவில் பொதுவாக ஒரு குரலுக்கு இருவர் நிற்பார்கள். நீண்ட வரிகளை ஒரே மூச்சில் பாட யாராலும் முடியாது. ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் வரியைத் தாங்கிக்கொள்வார். பிறகு இவர் தாங்குவார், அவர் மூச்சு எடுப்பார். கேட்பவர்களுக்கு வரி அறுபடுவதே தெரியாது. துக்கத்தில் செபிக்க முடியாமல் ஒருவர் வாயடைத்து நிற்கும் நாளில், அவருக்காக நாம் செபிக்கிறோமே, அதுவும் இதுதான்.

சரி, அந்தப் புத்தகங்களில் ஒன்று தொலைந்துவிட்டால்? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பீட்டர்ஹவுஸ் என்ற கல்லூரி இருக்கிறது. ஏறத்தாழ 1540-இல் கையால் எழுதப்பட்ட குரல் புத்தகங்களின் தொகுப்பு ஒன்று அங்கே உள்ளது. ஐந்து குரல்களுக்கு ஐந்து புத்தகங்கள் இருக்கவேண்டும். 'டெனர்' என்னும் ஆண் நடுக்குரலின் புத்தகம் காணாமற்போய்விட்டது. உச்சக் குரல் புத்தகத்திலும் சில பக்கங்கள் இல்லை. சுமார் எழுபது படைப்புகள்; அவற்றில் பல வேறெங்கும் கிடைக்காதவை. ஒரு புத்தகம் போனதால் எல்லாமே முடமாகிவிட்டன. அறிஞர் நிக் சாண்டன் பல ஆண்டுகள் உட்கார்ந்து, மீதமுள்ள குரல்களைப் படித்துப் படித்து, விடுபட்ட குரல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதினார். மற்ற நான்கு குரல்களும் விட்டுவைத்திருக்கும் இடைவெளியே அந்தக் குரலின் வடிவத்தைக் காட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள 'புளூ ஹெரான்' குழு அவற்றுள் பலவற்றைப் பாடி ஒலிப்பதிவும் செய்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தொடக்கத்தில் சொல்வதாகச் சொன்ன கதை இதுதான்.

நான் குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் பங்கில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். இலத்தீன் பூசைக் காலத்தில் சிறுவனாகப் பாடக் கற்றவர். பாடகர் குழுவின் ஓரத்தில் நின்று, எல்லோரும் பாடும் மெட்டுக்கு அடியில் தாழ்ந்த குரலில் வேறொரு வரியைப் பாடுவார். யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்ததில்லை. புதிதாகக் கீபோர்டும் மைக்கும் வாங்கினோம். இளைஞர்கள் என்னிடம் வந்து, "சாமி, தாத்தா பாடுறது மைக்குல தனியாக் கேக்குது" என்றார்கள். நானும் பூசை முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, "ஐயா, உங்களுக்கு வயசாச்சு. இனிமே கீழ உக்காந்து நிம்மதியா பூசை பாருங்க" என்றேன். கனிவாகச் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன்.

"சரிங்க சாமி" என்றார் அவர். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நான்காவது வரிசையில் வந்து அமர்வார். உதடு அசையாது. மூன்று ஆண்டுகள் அப்படியே கழிந்தன. அவருடைய அடக்கப் பூசைக்குப் பிறகு அவர் மகள் என்னிடம் சொன்னார்: "அப்பா வீட்ல பாடிட்டேதான் சாமி இருப்பாரு. கோயில்லதான் பாடறத விட்டுட்டாரு."

காணாமற்போன குரலை மீட்டுத் தர கேம்பிரிட்ஜுக்கு ஓர் அறிஞர் கிடைத்தார். என் பங்கில் நானே எடுத்து ஒளித்துவைத்த குரலை யார் மீட்டுத் தருவார்? அன்று அந்த இளைஞர்களிடம், "அவர் என்ன பாடுகிறார் என்று கொஞ்சம் கேளுங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். சொற்பத் தொந்தரவாக எனக்குத் தெரிந்தது, ஒருவேளை அந்தப் பாட்டுக்கு அடித்தளமாக இருந்திருக்கும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், மக்கள் அனைவரும் வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்கவேண்டும் என்று கேட்கிறது. அதே ஏட்டில், பல்குரல் இசையையும் விலக்கவேண்டாம் என்கிறது. இரண்டும் முரண் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பங்குகளில் அந்தப் பத்துப் பேரைப் போல யாரும் பாடப் போவதில்லை. அது தேவையும் இல்லை. ஆனால் அவர்கள் பாடும் முறையின் உட்பொருள் நமக்கும் வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவது ஒற்றுமை ஆகாது. ஒவ்வொருவரும் தம் வரியைப் பாட, மற்றவரைக் கேட்க, உரசல் வந்தால் ஒரு படி இறங்கிவர, மூச்சு முட்டுகிறவரைத் தாங்கிக்கொள்ள, ஒரே இறைவனைப் புகழ்வதே திருச்சபையின் ஒற்றுமை.

ஆகவே வரும் ஞாயிறு திருப்பலிக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு பாடலின் போதாவது பக்கத்தில் இருப்பவரின் குரலைக் காதுகொடுத்துக் கேளுங்கள். பாடகர் குழுவினரே, ஒரு பாடலையாவது மைக்கை அணைத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். பிறகு கோவிலைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். முன்பு வந்து, இப்போது வராதவர் யார்? வந்தும் வாய் திறக்காதவர் யார்? அவருடைய இடைவெளி உங்கள் கண்ணுக்குத் தெரியும். சண்டையில் போனவராக இருக்கலாம். அவமானத்தில் போனவராக இருக்கலாம். என்னைப் போன்ற ஒரு குருவின் அவசர வார்த்தையால் போனவராகவும் இருக்கலாம். மாலையில் அவர் வீட்டுக்குப் போங்கள். "நீங்க இல்லாம பாட்டு சரியா வரல" என்று சொல்லுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள்.

பலரை ஒரே உடலாக இணைக்கும் தூய ஆவியார் நம் செவிகளைத் திறப்பாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.